ஐந்து வெற்றி, இருபத்தைந்து தோல்வி

டெல்மர் ஹ்ருஷ்காவைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தோற்றே பழகியவன் என்பது ஒரு கட்சி. நல்ல ஆட்டக்காரன்தான், பாவம், உருப்படாத அணியில் மாட்டிக்கொண்டான் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது பேச்சுதான் அவனுக்கு அதிகம் எரியும். அந்த உருப்படாத அணியில் நானும் ஒருவன்.

ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது பெல்ஃபோர்ஜ். எஃகு ஆலை மூடி இரண்டு வருஷம் கழித்து, 1984இல், நாங்கள் பள்ளிக் கால்பந்து அணியில் சேர்ந்தோம்; பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. முன்பெல்லாம் அறுபது பேர் முட்டி மோதிச் சேரும் அணி அது. பாதி ஊர் வேலை தேடி டெக்சஸுக்குப் போய்விட்டதால் நாங்கள் பத்தொன்பது பேர்தான் மிஞ்சினோம். டெல்மர் குவாட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்கு வரும். யாருக்கு எறிவது என்று மூன்று நொடியில் அவன் முடிவு செய்ய வேண்டும். எங்கள் தடுப்பு வரிசையின் தயவில் அவனுக்குக் கிடைத்தது இரண்டு நொடி. அதற்குள் எறிந்துவிடுவான். அவன் மேல் மூன்று பேர் விழுவார்கள். எழுந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "அடுத்தது என்னடா?" என்பான்.

மூன்று வருஷத்தில் முப்பது ஆட்டம். ஐந்தில் ஜெயித்தோம்.

ஆறாவது வெற்றி என் கைக்கு வந்தது. கடைசி வருஷம், கடைசி ஆட்டம், நான்கு நொடி பாக்கி. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால், பந்தைப் பிடித்தாலே வெற்றி என்ற இடத்தில், தனியாக நின்றிருந்தேன். பந்து என் இரண்டு கைகளுக்கு நடுவே வந்து, மார்பில் பட்டு, கீழே விழுந்தது. உடை மாற்றும் அறையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதேன். டெல்மர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கொஞ்சம் வேகமா எறிஞ்சிட்டேன்டா லியோன்."

வேகமாக எறியவில்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

படிப்பு முடிந்ததும் அதே பள்ளியின் பேருந்துப் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். பேருந்து ஓட்டிய மார்வாவைக் கல்யாணம் செய்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் பெருமைச் சுவர் என்று ஒன்று உண்டு. பழைய ஆட்டக்காரர்களின் பித்தளைப் பலகைகள் வரிசையாக இருக்கும். அதில் யார் பேர் ஏறுவது என்று முடிவு செய்யும் குழுவின் தலைவர் க்ளென் ஸ்டாலர்டு. ஆலை நன்றாக ஓடிய காலத்து குவாட்டர்பேக். முப்பது ஆட்டத்தில் இருபத்தெட்டு வெற்றி. "ஜெயிச்சவனுக்குத்தான் சுவர்" என்பது அவர் சட்டம். டெல்மர் பேர் வரும்போதெல்லாம் சிரித்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்.

முப்பது வருஷம் இப்படியே போனது. பிறகு டெஸ்ஸா என்ற கணக்கு டீச்சர் பள்ளிக்கு வந்தார். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைக் கிளறி, டெல்மர் எறிந்த ஒவ்வொரு பந்தையும் கணக்கெடுத்தார். 6,140 கஜம்; எல்லைக்கோட்டைத் தாண்டி எடுத்த டச்டவுன் ஐம்பத்தொன்று. மாவட்டத்தில் அதுவரை யாரும் அதைத் தொடவில்லை. குழுவில் பெரிய சண்டை. கடைசியில் நாலுக்கு மூன்று ஓட்டில் டெல்மர் சுவருக்குத் தேறினான்.

விழாவுக்குப் பழைய அணியில் ஒன்பது பேர் வந்திருந்தோம். டெஸ்ஸா நல்ல மனசோடுதான் பேசினார்.

"இந்தக் கணக்கைப் பாருங்க. கூட ஆடினவங்க மட்டும் சுமாரா இருந்திருந்தா, இவர் எங்கயோ போயிருப்பார்!"

டெல்மர் பின்வரிசையில் இருந்த எங்களைப் பார்த்தான். எழுந்து மைக்கை வாங்கினான்.

"டீச்சரம்மா, ஆறாயிரத்து நூத்து நாப்பது கஜம்னு சொன்னீங்க. நான் எறிஞ்சு நானே ஓடிப்போய்ப் பிடிச்சேனா? பிடிச்சவனுங்க அங்க உக்காந்திருக்கானுங்க. பலகையில அஞ்சு வெற்றி, இருபத்தஞ்சு தோல்வின்னும் போடுங்க. இல்லேன்னா எனக்கு வேண்டாம்."

ஸ்டாலர்டு மைக்கைப் பிடுங்காத குறைதான். "ஏதோ உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்று சொல்லிக் கைதட்ட வைத்தார். கணக்கு மட்டும் பொறித்த பலகையைச் சுவரில் மாட்டினார்கள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் டெல்மர் ஸ்குரூ டிரைவரோடு போனான். ஊரே பார்க்கப் பலகையைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டான். கடையில் கொடுத்து, அடியில் ஒரு வரி பொறித்து வாங்கினான்: வெற்றி 5, தோல்வி 25. புதன்கிழமை திரும்பக் கொண்டுவந்து மாட்டினான். வெள்ளிக்கிழமை குழு அதைக் கழற்றியது. அலுவலக அலமாரியில் இருந்ததை எடுத்து, அடுத்த திங்களே மறுபடி மாட்டக் கிளம்பினான்.

"வேலை போயிடும்னு ஸ்கூல் முதல்வர் சொல்றாராம்" என்றாள் மார்வா.

"போகட்டும். இருபது வருஷப் பழைய பஸ்ஸை உருட்ட வேற ஆளைத் தேடிப் பாக்கட்டும்."

மார்வா சிரித்துவிட்டாள். "அப்ப நல்ல நீள ஸ்குரூவா போடு. எடுக்கறவன் கை வலிக்கட்டும்."

அவன் மாட்டி முடிக்கும்போது ஸ்டாலர்டே வந்துவிட்டார். கூடவே டெஸ்ஸாவும்.

"உனக்குக் கிறுக்கா டெல்மர்? தோத்ததை யாராவது சுவர்ல மாட்டுவாங்களா?"

"உன் பலகையில இருபத்தெட்டு வெற்றின்னு இருக்கே க்ளென். உன் முன்னாடி நின்னு அடி வாங்கினவன் பேரு ஒண்ணாவது இருக்கா? அத்தனை பேர் ஜெயிச்சதை நீ உன் பேர்ல எழுதிக்கிட்டே. நான் தோத்ததை என் பேர்ல எழுதிக்கக் கூடாதா?"

ஸ்டாலர்டுக்கு முகம் சிவந்துவிட்டது. டெஸ்ஸா மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தோல்வியெல்லாம் உங்க தப்பு இல்லையே, சார்."

"தப்புன்னு யாரும்மா சொன்னா? என்னோடதுன்னு சொல்றேன். பத்தொன்பது பேர், ஒருத்தன்கூட நடுவுல விட்டுட்டுப் போகல. அந்த இருபத்தஞ்சையும் மறைச்சுட்டு என்னை மட்டும் தூக்கி வெச்சா, அவனுங்களைக் குப்பையில போட்ட மாதிரி."

டெஸ்ஸா பலகையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "கடைசி ஸ்குரூ ஆடுது, இறுக்குங்க" என்றார்.

முதல்வர் அவனை வேலையை விட்டு எடுக்கவில்லை. டிசம்பர் குளிரில் அந்தப் பேருந்துகளைக் கிளப்ப அவனைத் தவிர ஆள் இல்லை. குழு மட்டும் அடுத்த மாதம் கூடி ஒரு புது விதி போட்டது: சுவரில் உள்ள எந்தப் பலகையையும் இனி யாரும் கழற்றவோ மாற்றவோ கூடாது. டெல்மரை அடக்கிவிட்டதாக நினைத்து ஸ்டாலர்டு கடிதத்தைப் பட்டறைக்கே அனுப்பினார்.

கடிதம் வந்தபோது டெல்மர் பேருந்துக்கு அடியில் படுத்திருந்தான். நான்தான் படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"அப்ப இருபத்தஞ்சையும் இனி எவனும் தொட முடியாது" என்றான். அடியிலிருந்து எண்ணெய்க் கை ஒன்று நீண்டது. "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடு."