பேட்டரிக்காக ஒரு ஜெபம்

எங்களிடம் கார் இருந்தது. ஐம்பதுகளின் நடுவில், காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் கார் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அது பெரும்பாலும் ஓடாது என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் கார்க்காரர் வீடு என்றுதான் சொன்னார்கள்.

கறுப்பு நிறத்தில் சின்னக் கார். என் கணவருக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் சுதந்திரத்துக்குப் பிறகு கப்பல் ஏறும்போது இவரிடம் விட்டுவிட்டுப் போனது. முதல் மாதம் இவர் அதில் ஆபீஸுக்குப் போய்வந்தார். பிறகு சைக்கிளுக்கு மாறிவிட்டார். காரை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டார். கோயில் எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. காரில் போனால் துடைத்து, கிளப்பி, அங்கே நிறுத்த இடம் பார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதுவும் வருஷத்துக்கு இரண்டு மூன்று ஞாயிறுதான். மற்ற ஞாயிறுகளில் பேட்டரி டவுன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஸ்பானரோடு ஷெட்டுக்குள் போவார். பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, சைக்கிள் காரியரில் வைத்துக் கட்டி, ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சார்ஜ் கடைக்குப் போவார். சார்ஜ் ஏற இரண்டு நாள் ஆகுமாம். திங்கட்கிழமை மாலை அதே மாதிரி தள்ளிக்கொண்டு வருவார். ஆக ஞாயிற்றுக்கிழமை பேட்டரி கடையில் இருக்கும், கார் ஷெட்டில் இருக்கும், நாங்கள் நடந்து போவோம். செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் வியாழக்கிழமை வாங்கி வந்தால் என்ன என்று ஒருதரம் கேட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, சனிக்கிழமைதான் இறங்குகிறது என்றார். இதில் ஏதோ உதைக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் கணக்கு டீச்சர்.

அந்தக் காலத்துக் கார்களை முன்னால் ஒரு கம்பியைச் செருகிச் சுழற்றியும் கிளப்பலாம். அந்தக் கம்பியைத் துரை தெரியாமல் தன் பெட்டியோடு லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார் என்பது இவருடைய விளக்கம். தள்ளிக் கிளப்பலாமே என்றால் கியர் உடைந்துவிடும் என்பார். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.

ஒரு மார்ச் மாதம் மல்லேஸ்வரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். பத்து வருஷம் சின்ன வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து எனக்குக் கசந்து போயிருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். தலைமையாசிரியைக்கு என்னைப் பிடித்துவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி எட்டரை மணிக்கு எப்படி வந்து சேருவீர்கள்?

"வீட்டில் கார் இருக்கிறது" என்றேன்.

அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் எழுதிச் சொல்லச் சொன்னார்கள். என் கணவர் காலையில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீஸ் போகலாம். சாயங்காலம் நான் மெதுவாகப் பஸ்ஸில் வந்துவிடுவேன். அவரிடம் சொன்னேன். "போகலாம், அதுக்கென்ன" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பேட்டரி ஒத்துழைக்கணும்" என்றார்.

எங்கள் சபையில் புதன்கிழமை மாலை வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரம் எங்கள் வீட்டில். ஒவ்வொருவரும் தங்கள் குறையைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இளைப்பு, ஒருவர் மகனுக்குப் பரீட்சை. என் முறை வந்ததும் பேட்டரி என்றேன். யாரும் சிரிக்கவில்லை. போன மாதம் ஒரு பசுமாட்டுக்காக ஜெபித்திருந்தோம், அது பிழைத்துக்கொண்டது. ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆரம்பித்தார்:

"ஆண்டவரே, இந்த வீட்டு வண்டியைக் கண்ணோக்கிப் பாரும். அதுக்கு வேண்டிய பெலனைத் தாரும். இந்தப் பிள்ளை அதுல போகையிலயும் வரையிலயும் கூடவே இரும்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். சபையிலேயே பெரிய ஆமென் என் கணவருடையது. தெருக்கோடி வரை கேட்கும். அன்றைக்கு என் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் இரண்டு கண்ணையும் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

அதற்கப்புறமும் சனிக்கிழமை பேட்டரி சாக்கில் ஏறியது. அவர் திரும்பி வந்ததும் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எங்கள் பேட்டரி ஒரு வயரும் மாட்டாமல் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு என்ன வியாதி பாய்?"

அவர் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துப் பேட்டரிக்குள் விட்டு ரப்பரை அமுக்கினார். உள்ளே இருந்த மிதவை ஜம்மென்று மேலே வந்தது.

"பில்குல் நல்லா கீதும்மா. ஏத்தி வெச்சத எத்தினி தரம் ஏத்தறது? சார்கிட்ட சொல்லிப் பாத்தேன். இருக்கட்டும் பாய்னு வெச்சிட்டு, ஒரு டீ குடிச்சிட்டுப் போறாரு. வண்டிய வாரத்துக்குப் பத்து மைல் ஓட்டுங்க, அதான் இதுக்கு மருந்து."

பள்ளிக்கூடத்துக்குப் போக ஐந்து மைல், வர ஐந்து மைல். மருந்து ஒரே நாளில் ஆகிவிடும்.

வீடு வரும்வரை கேட்க வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். வாசல் தாண்டியதும் வரிசை போய்விட்டது.

"சபையையே பொய்க்கு ஜெபம் பண்ண வெச்சிட்டீங்களே!"

"நான் ஆமென் சொல்லலையே" என்றார்.

கோழை என்றேன். இன்னும் மோசமாகவும் ஏதேதோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அந்த மொதல் மாசம், பரேடு மைதானத்து முக்குல, ஒரு ஜட்காக் குதிரை ஜன்னலுக்குள்ள மூஞ்சிய விட்டுச்சு. கண்ண மூடிட்டேன். வண்டி பாட்டுக்குப் போயி புல்லு மேல ஏறி நின்னுது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா கண்ண மூடிக்கிட்டு எவ்வளவு தூரம் போனேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அதுலேர்ந்து ஸ்டீரிங்கைத் தொட்டாலே அந்தக் குதிரை மூஞ்சிதான் தெரியுது."

"அப்பவே வண்டியக் குடுத்துத் தொலைச்சிருக்கலாமில்ல?"

"கார்க்காரர்னு கூப்பிடறாங்களே."

எனக்கு அழுகை வந்தது. அவருக்காக அல்ல, என் வேலை போகிறதே என்றுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் ஓட்டறேன்" என்றேன்.

அவர் எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வளைந்த இரும்புக் கம்பியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். லண்டனுக்குப் போயிருந்த கம்பி.

"பேட்டரி நெஜமாவே டவுனானா வேணுமில்ல" என்றார்.

வேலைக்கு வருகிறேன் என்று திங்கட்கிழமை எழுதிப் போட்டேன். கோடை லீவு முழுக்க அவர் இடது பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நல்ல வாத்தியார். ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு விஷயம், பரேடு மைதானத்துப் பக்கம் மட்டும் என்னைக் கூட்டிப்போகவே இல்லை. மே கடைசியில் லைசென்ஸ் கிடைத்தது.

ஜூனில் முதல் நாள் நான் தனியாகப் போனேன். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது அதே முக்கில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். பக்கத்தில் ஒரு ஜட்கா வந்து நின்றது. குதிரையின் மூச்சு என் கையில் பட்டது. அவரைப் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஷெட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். காரைச் சுற்றி வந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குதிரை வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன பண்ணே?"

"கண்ண மூடிட்டேங்க" என்றேன். "நான் உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் குனிந்து முன்விளக்கைத் துண்டால் துடைத்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் தொறந்துட்டேன். போலீஸ்காரர் கை காட்டினாரு, வந்துட்டேன்."

அவர் பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி, ஆமென் என்றார்.