அக்கா கொடுத்த சாவி

"வாட்ச் கட்டறது ஒரு கையில. அதுக்கு எதுக்கு ஒன்பது?"

என் கணவரின் மகள் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. நான் அவர்களுடைய நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு மணமகளாக வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பிஸ்கட் டின்னில் இருந்த வாட்சுகளை ஒரு துண்டின் மேல் பரப்பி ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அறை வாசலில் நின்று எண்ணியிருக்கிறாள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு கட்டுவேன்" என்றேன்.

"வாரத்துக்கு ஏழு நாள்தான்."

அவள் போய்விட்டாள்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது முப்பத்தெட்டு. குறிஞ்சிப்பாடியில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். நெய்வேலியில் கரியைச் சோதித்துப் பார்க்கும் லேபில் கான்ட்ராக்ட்டாகச் சேர்ந்தேன். பெர்மனென்ட் ஆகட்டும், பெர்மனென்ட் ஆகட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே வந்ததில், ஆர்டர் கையில் வந்தபோது காதோரம் நரைத்திருந்தது. அந்த வருடங்களில் எனக்கென்று நான் செய்துகொண்ட ஒரே காரியம் பழைய வாட்ச் வாங்கியதுதான். முதல் வாட்ச் நெல்லிக்குப்பம் ரயில் நிலையத்துக்கு வெளியே, கோணி விரித்துப் பழைய சாமான் விற்றவரிடம் வாங்கியது. டயல் பழுத்துப்போன வெற்றிலை நிறத்தில் இருந்தது. பின்மூடியில் யாருடைய மணிக்கட்டோ உரசி உரசி எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது சாவி கொடுத்துக் காதில் வைத்தேன். ஓடியது. முன்பின் தெரியாத ஒருவர் எத்தனையோ காலைகளில் திருகிய அதே இடத்தில் என் விரல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று என் சின்ன மாமாவுடையது. மற்றொன்று, ரிட்டயர் ஆன நாளன்று லேப் கண்காணிப்பாளர் தன் கையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது. பிள்ளைகள் கேட்கவில்லையா என்றதற்கு, "அவங்க போன்லயே மணி பாக்கறாங்கம்மா" என்றார். எல்லாமே ஆண்கள் கட்டும் பெரிய வாட்சுகள். என் ஒல்லிக் கையில் அவை வளையல் மாதிரி வழுக்கும். பட்டையில் கூடுதலாக ஓட்டை போட்டுக் கட்டிக்கொள்வேன்.

என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக். பக்கத்து கிராமத்துக்காரர். அவருடைய முதல் மனைவி நர்ஸாக இருந்தவர். நான் வருவதற்கு மூன்று வருடம் முன்பு நோயில் இறந்துபோனார். அவரை நான் பார்த்ததில்லை. கூடத்துப் படத்துக்குப் பூ வைக்கும்போது மனசுக்குள் 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கி, பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அக்காவிடமும் ஒரு வாட்ச் இருந்தது. நர்சிங் முடித்தபோது அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய டயல், தங்க நிறச் செயின், மயிரிழை போல ஒரு நொடி முள். பீரோ லாக்கரில், மகளுக்கென்று வைத்திருந்த நகைகளோடு ஒரு சிவப்பு டப்பாவில் இருந்தது. வந்த முதல் மாதமே என் கணவர் எனக்கு லாக்கரைத் திறந்து காட்டி, "இதெல்லாம் பாப்பாவோடது. அந்த வாட்சும்" என்றார். நான் தலையாட்டினேன். வாட்ச் நின்றுபோயிருந்தது.

நின்றுபோன வாட்சைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகிவிடும். இதை அவரிடம் சொல்லலாம். ஆனால் எப்படிச் சொன்னாலும் 'உன் முதல் மனைவியின் பொருளை என் கையில் கொடு' என்று கேட்பது போலத்தான் ஆகும். சொல்லவில்லை. நாலு வருடம் சொல்லவில்லை.

அந்த நாலு வருடமும் நானும் மகளும் சண்டை போட்டதில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டேன், கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவள் பெரிய மனுஷியானபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாப்பாடு ஆச்சுங்களா?", "பஸ் வந்துடுச்சுங்க" என்று, கூப்பிடத் தேவையே இல்லாதபடி வாக்கியங்களை அமைத்துக்கொள்வாள். அப்படியும் ஒரு வீடு நடக்கும். நடந்தது.

அவள் பத்தாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை. அவர் முதல் ஷிஃப்ட். அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். எனக்கு லீவு. நகைக்கடன் ரசீது ஒன்றைத் தேடி லாக்கரைத் திறந்தேன். சிவப்பு டப்பா கையில் பட்டது. திறந்தேன். சும்மா பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அது பொய். ஓடுமா என்று பார்க்கத்தான் எடுத்தேன்.

சாவித் திருகு மிளகைவிடச் சின்னது. இரண்டு விரல் நகத்தாலும் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். நாலைந்து சுற்றில் நொடி முள் ஒரு முறை துடித்தது, நின்றது, பிறகு ஓட ஆரம்பித்தது. முழுசாகச் சாவி கொடுத்தேன். பழக்க தோஷத்தில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினொன்று பத்துக்கு மணி வைத்தேன். கொஞ்ச நேரம் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்ப டப்பாவில் வைத்துப் பூட்டினேன். ஒரு நாள் ஓடித் தானாக நின்றுவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆண்டு விழாவுக்கு ஜிமிக்கி வேண்டும் என்று மகள் லாக்கரைத் திறந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். அவர் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் வாட்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"இத யாரு ஓட வச்சது?"

அவர் என்னைப் பார்த்தார். "நான்தான்" என்றேன். "எண்ணெய் காஞ்சிடும்னு..."

"இது நாலு இருபதுல நின்னுக்கிட்டு இருந்துச்சு." அவள் குரல் உயரவில்லை. "அம்மா போன நேரம் அது. அம்மா போனப்ப தானா நின்ன வாட்ச் இது. நான் அடிக்கடி எடுத்துப் பாப்பேன். இப்ப அத அழிச்சுட்டீங்க."

கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். வார்த்தை நினைவில்லை. நான் அந்த டப்பாவைத் திறந்தபோது முள் எந்த இடத்தில் இருந்தது என்று நான் பார்க்கக்கூட இல்லை என்பதுதான் என்னைச் சுட்டது. வாட்சைத்தான் பார்த்திருக்கிறேன், அது காட்டிக்கொண்டிருந்த மணியைப் பார்க்கவில்லை.

"திரும்ப நாலு இருபதுக்கே வச்சுடலாம்" என்றேன். "ஆனா இப்ப வச்சா அதுலேர்ந்து ஓடிடும். சாவி தீர்ந்து நிக்கணும். நாளைக்கு ராத்திரிக்குள்ள நின்னுடும். அப்புறம் வைக்கலாம்."

"அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

மறுநாள் ஞாயிறு. என் வாட்ச் எதற்கும் நான் சாவி கொடுக்கவில்லை. அவள் புத்தகத்தை விரித்து, பக்கத்தில் வாட்சை வைத்துக்கொண்டு படித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போதும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேஜையில், ரசச் சட்டிக்குப் பக்கத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டதால் அதன் சத்தம் கேட்டது.

அவர் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

"பாப்பா, அம்மா நாலு இருபதுக்குப் போகல."

அவள் நிமிர்ந்தாள்.

"பகல் பன்னண்டு மணி இருக்கும். நீ உங்க மாமா வூட்ல இருந்த. உனக்கு யாரு எப்ப சொன்னாங்கன்னுகூட எனக்குத் தெரியல." தண்ணீர் எடுத்துக் குடித்தார். "ஆஸ்பத்திரியில இருந்தப்பவும் தெனம் காலையில அவளேதான் இதுக்குச் சாவி கொடுப்பா. விரல்ல தெம்பு இல்லன்னாலும் என்கிட்ட கொடுக்க மாட்டா. அன்னிக்கும் எட்டு மணிக்குக் கொடுத்தா. அப்புறம்... எல்லாம் முடிஞ்சதும் இத அவுத்து என் கையில கொடுத்தாங்க. சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினேன். மயானத்துக்குப் போயிட்டு வந்தேன். வந்து உக்காந்தேன். அப்பவும் ஓடிக்கினுதான் இருந்துச்சு. ராவெல்லாம் ஓடிக்கினு இருந்துச்சு. மறுநாள் நாலு இருபதுக்கு நின்னுச்சு."

"நீங்க சாவி கொடுத்திருக்கலாம்ல?"

"எப்படிம்மா கொடுக்கறது?" என்றார். "அதுவரைக்கும் ஓடினது அவ கொடுத்த சாவி."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி நாலு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், அவ்வளவுதான். மகள் எழுந்துபோய் எச்சில் கையோடு அவர் முதுகில் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டாள். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது. அக்காவின் கடைசிச் சாவி தீர்ந்த இடத்தைத்தான் அந்த முள் ஏழு வருடமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் கலைத்திருக்கிறேன். முந்தின நாளைவிட இன்னும் பெரிதாக எனக்கு அது வலித்தது.

நாலு மணிவாக்கில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வாட்ச் அவள் கையில் இருந்தது.

"இன்னும் ஓடுது" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்."

"இப்ப ஓடறது உங்க சாவி. அது தீரட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவருடைய யூனிஃபார்ம் சட்டையை மடிக்க எடுத்தேன்.

"நான் கொடுத்தா எத்தனை சுத்து கொடுக்கணும்?"

"எண்ண வேண்டாம். கடைசியில விரலுக்கே தெரியும். இறுகும். அதுக்கு மேல திருப்பக் கூடாது."

அவள் திருகில் விரலை வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நிக்கறதுக்கு முன்னாடியே நான் கொடுத்தா, உங்க சாவியும் என் சாவியும் ஒண்ணாக் கலந்துடுமா?"

இத்தனை வருடம் வாட்சோடு பழகியிருக்கிறேன், இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

"கலந்துடும்" என்றேன். "எது யாரோடதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே முந்திரி மரத்தில் அணில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பிறகு தலையைக் குனிந்து திருப்ப ஆரம்பித்தாள். நகம் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். நான் உதவிக்குக் கை நீட்டவில்லை. மடித்துக்கொண்டிருந்த அவருடைய யூனிஃபார்ம் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இறுகிடுச்சு" என்றாள்.

"போதும்."

பிறகு இருவரும் பண்ருட்டிக்குப் போய் அதைத் திறந்து சுத்தம் செய்து எண்ணெய் போட்டு வாங்கி வந்தோம். செயின் இரண்டு கண்ணி பெரிதாக இருந்தது. குறைக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, "வேணாங்க, கை பெருசாகும்" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். வாட்ச் மணிக்கட்டில் உருண்டிருக்க, அவள் கை என் மடியில் கிடந்தது. இறங்குகிற இடம் வரை நான் அசையவில்லை.

பரீட்சைகளுக்கெல்லாம் அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள். ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் பிந்தும். அதை அவளே சரிசெய்துகொள்வாள். இப்போது சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள்.

போன மாதம் லீவில் வந்தபோது பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே ஒரு ஆண்கள் வாட்ச். இலைப் பச்சை டயல். கண்ணாடியில் ஒரு கீறல். பழைய புத்தகக் கடையில் மேஜை மேல் கிடந்ததாம். விற்க மாட்டேன் என்ற கடைக்காரரிடம் மூன்று நாள் விடாமல் போய்ப் பேசி வாங்கினாளாம்.

"உங்ககிட்ட பச்சை இல்லல்ல" என்றாள்.

இல்லைதான். என் டின்னில் என்னென்ன நிறம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணா? ஏம்மா, இந்த வூட்ல மணி தெரியாம யாரு தவிக்கிறா?" என்று சலித்துக்கொண்டார். சலித்துக்கொண்டே ஊசியைச் சூடுபண்ணிப் பட்டையில் எனக்கு வேண்டிய ஓட்டையையும் போட்டுக் கொடுத்தார்.

அந்த வாட்ச் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. சரிசெய்யக் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அதைக் கட்டிக்கொண்டு போகிற நாளில் பஸ் வருவதற்கு வெகு முன்னாலேயே ஸ்டாப்புக்கு வந்துவிடுகிறேன். வேப்பமரத்துக்குக் கீழே இருக்கும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, காலைக் காற்று வாங்கிக்கொண்டு, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.