ஐந்து வெடி, ஒரே ஓட்டை

மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் போத்தலைத் திறந்ததும், கனிந்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் தெளித்த மாதிரி ஒரு வாசம் வந்தது. நல்ல வாசம் என்றேன்.

"எல்லாருக்கும் இதால தலையிடிக்கும். உங்களுக்கு மட்டும்தான் நல்ல வாசம்" என்றாள்.

எனக்கு அது குவைத்தின் வெள்ளிக்கிழமை வாசம். துவக்கின் குழாயைத் துடைக்கிற எண்ணெயிலும் இதேதான் அடிக்கும்.

துவக்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். நான் வெறும் ஸ்டோர்ஸ் கிளார்க். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அதுவும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுட்டிருக்கிறேன். அந்தச் சன்னம் எங்கே போனதென்று பாலைவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மங்காஃபில் ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பருத்தித்துறைப் பக்கத்து மேசன் குணம் அண்ணை, கம்பெனி பிக்கப் ஓட்டிய புதுக்கோட்டைச் செல்வராசு, நான். எங்களுக்கு விசா தந்த முதலாளி, கஃபீல் அபு நாசருக்கு ஒரு விசித்திரமான பைத்தியம் இருந்தது. மற்ற அரபிகள் பருந்தோடும் ஒட்டகத்தோடும் திரிந்தபோது, இவர் மேசை போட்டு, மணல் மூட்டைமேல் துவக்கைக் கிடத்தி, தூரத்து அட்டையைச் சுடுவார். நடுவில் பட வேண்டும் என்றுகூட இல்லை. ஐந்து வெடியும் ஒன்றோடொன்று ஒட்டி விழ வேண்டும், அவ்வளவுதான். வேலை வெட்டி இல்லாதவர்களின் வேலை என்று நினைத்தேன். பிறகு நானே அதில் போய் விழுந்தேன்.

இதில் அவருக்குக் கூட்டாளி எங்கள் எஞ்சினியர், ஸ்கொட்லாந்துக்காரர். பெரிய சேர் என்போம். அவர்களுடைய துவக்குக்கு உலகத்தில் எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது. வேறொரு தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கோதை எடுத்து, அச்சில் கொடுத்துக் கழுத்தை நெரித்து, சின்னச் சன்னத்துக்கு ஏற்ற மாதிரித் தாங்களே செய்துகொள்வார்கள். எவ்வளவு வெடிமருந்து, சன்னத்தை எவ்வளவு ஆழத்தில் இருத்துவது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. கொஞ்சம் நிரப்பிச் சுட வேண்டும், பார்க்க வேண்டும், மாற்ற வேண்டும், மறுபடி சுட வேண்டும். புது மருமகள் மாமியாருக்குத் தேநீரில் சீனி பிடிக்கிற கதைதான்.

நான் ஊரில் மருந்துக்கடையில் தராசு பிடித்தவன் என்று சேருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, செல்வராசுதான்.

"ஊர்ல இருமலுக்கு மருந்து நிறுத்தவரு, இங்க துப்பாக்கிக்கு மருந்து நிறுக்கிறாரு" என்று கேம்ப் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

வெடிமருந்து நிறுக்கிற அந்தத் தராசு இருக்கிறதே, அது ஒரு பெரிய மனுஷி. காற்றுப் பட்டால் கோபித்துக்கொண்டு ஆடும். ஆகவே நிறுக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவோம். ஆகஸ்ட் மாதக் குவைத்தில் ஸ்டோர்ஸ் கதவைச் சாத்தி, ஏசியையும் நிறுத்தி, கோடீசுவரக் கஃபீலும் சேரும் நானும் பனியனோடு உட்கார்ந்து வியர்த்த காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வியர்வைத் துளி தட்டில் விழக்கூடாதென்று தலையில் துவாய் கட்டியிருப்போம். சேரின் மூக்கு நுனியில் ஒரு துளி தொங்க, அபு நாசர் தன் துவாயால் அதை ஒற்றி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் மட்டும் முதலாளி யார், வேலைக்காரன் யார் என்று தெரியாது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மாதக்கணக்கில் சரிவரவில்லை. காலையில் ஒட்டி விழுகிற வெடி மதியத்தில் தள்ளித் தள்ளி ஏணி மாதிரி மேலே ஏறும். சேர் மருந்தைக் குறைப்பார், கூட்டுவார், கோதுகளின் கழுத்தைச் சுரண்டுவார். எனக்கு என் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி வெயில். மேசையில் கிடந்து தோட்டா கொதித்துப்போக, உள்ளே மருந்து வேறு வேகத்தில் எரிகிறது. நாங்கள் மூவரும் நிழல் தேடி ஓடிய வெயிலில் தோட்டாவைக் காயவைத்தோம் என்பது ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. அதற்குப் பிறகு செல்வராசுவின் ஐஸ் பெட்டியில், மோர்ப் போத்தலுக்குப் பக்கத்தில், தோட்டாக்கள் குளிர்ச்சியாகப் பயணம் செய்தன.

அந்தக் குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அபு நாசர் ஐந்து வெடி வைத்தார். செல்வராசு பிக்கப்பில் போய் அட்டையைக் கொண்டுவந்தார். அதில் ஒரே ஓர் ஓட்டை. அபு நாசரின் முகம் வாடிவிட்டது.

"வாஹித் புல்லட்? பாக்கி மாஃபி?"

ஒரே ஒரு குண்டுதானா, மற்றது இல்லையா என்கிறார். சேர் பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைந்த சின்னச் சின்ன விளிம்புகள் தெரிந்தன. அபு நாசர் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். அட்டையின் மூலையில் சேர் ஆங்கிலத்தில் எழுதினார்: ஐந்து வெடி, ஒரே ஓட்டை, தோட்டா நிரப்பியவர் இன்னார் என்று என் முழுப்பெயர். கீழே அபு நாசர் அரபியில் கையெழுத்திட்டு எனக்கே தந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில்கூட ஒரு சான்றிதழ் வாங்காதவன் நான். அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

அடுத்த மாதம் தங்கச்சியின் கல்யாணத்துக்கு லீவு. எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவன் தன் பெட்டியைத் தான் கட்டக்கூடாது. அவன் புத்தி ஏற்கனவே ஊருக்குப் போயிருக்கும், கண்டதையும் வைப்பான், வேண்டியதை மறப்பான். மற்றவர்கள் கட்டுவார்கள், அவன் கட்டிலில் இருந்து தேநீர் குடிப்பான். அப்படிக் கட்டும்போது கூறைச்சேலைக்கு அடியிலிருந்து குணம் அண்ணை அந்த அட்டையை உருவினார்.

"உமக்கு விசரே? கட்டுநாயக்கா எயாப்போட்டில பெட்டியைத் திறந்தா என்ன கிடக்கும்? உம்மட பேர், துவக்கு, அரபியில ஒரு கையெழுத்து. இனி விசாரிக்க அவங்களுக்கு என்ன மிச்சம்?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். ஊரில் ஒரு காரணமும் இல்லாமலே எங்கள் வயதுப் பெடியன்கள் பிடிபட்டுக் காணாமல் போன காலம் அது. நானோ காரணத்தை என் பெயரோடு எழுதி வாங்கிக் கூறைக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். குணம் அண்ணை காற்சட்டைப் பைகளையும் உதறினார். ஒரு பித்தளைக் கோது உருண்டு விழுந்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்கண்ணே, அட்டைய நான் வச்சிருக்கேன். பத்திரமா இருக்கும்" என்றார் செல்வராசு.

ஊருக்குப் போகும் வழியில், ஆனையிறவில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஓர் ஆமிக்காரன் என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான். பித்தளையைத் துடைத்துத் துடைத்து விரல் நுனி கறுத்திருந்தது. தேசிக்காய் தேய்த்தும் அந்த வாழைப்பழ வாசம் போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. என்ன வேலை என்று கேட்டான். ஸ்டோர்ஸ் கிளார்க் என்றேன். பெட்டியைக் கிளறி, ஒரு சவர்க்காரத்தை எடுத்து முகர்ந்து, அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு போகச் சொன்னான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பெட்டியைக் கட்டிய குணம் அண்ணையை மனசுக்குள் கும்பிட்டேன்.

கல்யாணச் சந்தடி அடங்கியபின் அப்பாவுக்கு எல்லாம் சொன்னேன். அவர் வாத்தியார், லேசில் நம்பமாட்டார்.

"அஞ்சும் ஒரே ஓட்டையிலயோ?"

"ஓம் அப்பா."

"அட்டை எங்க?"

"அறையில கிடக்கு."

அவர் "ம்" என்றார். அந்த "ம்" எனக்கு வலித்தது. ஆனால் நான் திரும்பப் புறப்பட்ட காலையில், முன் அறைச் சுவரில் சத்தம் கேட்டது. தங்கச்சியின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அப்பா ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"நாடு சரிவந்த பிறகு கொண்டா. இதில கொழுவலாம்" என்றார்.

நாடு சரிவரவில்லை. அதற்குள் நான் வேறோர் அரபு நாட்டில், யான்புவில், வேலை கிடைத்துப் போய்விட்டேன். குவைத்திலேயே இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பு என்று அட்டையைச் செல்வராசுவிடமே விட்டேன். தொண்ணூறில் குவைத்துக்குள் ஈராக் படை வந்தது. பல வருடம் கழித்துச் சென்னையில் கண்டபோது செல்வராசு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. ரூம் ரூமா வந்து தேடுனாங்க. துப்பாக்கின்னு எழுதுன காகிதம், குவைத்தி கையெழுத்து வேற. அடுப்புல வச்சிட்டேன். அன்னிக்கு அதுலதான் டீ கொதிச்சுது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த அறைக்கட்டிடம் இப்போது இல்லையாம். சேரும் அபு நாசரும் எங்கே என்று தெரியாது. அப்பா சண்டையில் இடம்பெயர்ந்த இடத்திலேயே கண்ணை மூடிவிட்டார்.

சண்டை முடிந்தபின் ஊர் வீட்டைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை. முன் அறைச் சுவர் மட்டும் நின்றது, அதில் அப்பாவின் ஆணியும் இருந்தது. ஆணியைச் சுற்றி யாரோ சுட்ட ஓட்டைகள். கை பழைய பழக்கத்தில் தானாகப் போய்ச் சாண் வைத்து அளந்தது. ஒன்றுக்கொன்று ஒரு சாணுக்குமேல் இடைவெளி. ஆணியில் ஒன்றுகூடப் படவில்லை.