கிரகணத்துக்கு வெட்டிய படம்

எண்பதில் சூரிய கிரகணம் வந்தபோது கொச்சி மட்டாஞ்சேரியில் ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளத் தயாரானார்கள். நானும் தங்கையும் பார்த்தே தீருவது என்று நின்றோம். எங்கிருந்து பார்ப்பது என்பதில் சிக்கல் இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் பிடிக்கும் என்றார்கள்; எங்கள் சந்தில் மேற்கே மறைப்பில்லாத இடம் மிளகு குடோனின் மொட்டைமாடி ஒன்றுதான். எதன் வழியாகப் பார்ப்பது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் சேட்டன் வழி சொன்னார். "வெறும் கண்ணு வேண்டா மோளே. எக்ஸ்ரே ஃபிலிம் உண்டோ? நல்ல கறுத்த பாகம் ரெண்டா மடக்கி நோக்கியா மதி." மடித்துப் பார்த்தால் போதுமாம்.

எக்ஸ்ரே வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். எங்கள் கண் தப்பியது அல்லாவின் கிருபை.

சந்திலேயே எக்ஸ்ரே இருந்த வீடு எங்களுடையது. அத்தாவின் நெஞ்சுப் படம். குடோனில் மூட்டை தூக்கியவர், இருமி இருமியே முந்தின மழைக்காலத்தில் மௌத்தாகிப் போனார். ஃபோட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர். அவருடைய படம் என்று அம்மாவிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஏச்சு விழும் என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை படர்ந்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"கறுப்பை வெட்டிக்க. அதுதானே அத்தாவைக் கொண்டுபோன நோவு. வெள்ளையில கை வச்சுராத. அங்க வெளுத்திருக்குன்னு டாக்டரே தொட்டுக் காட்டினாரு."

கிரகணம் நன்றாகத் தெரிந்தது. கடித்து வைத்த பப்படம் போல இருந்தது சூரியன். அம்மா கீழே தொழுதுகொண்டிருந்தாள்.

சில வருடம் கழித்து எனக்கு விடாத இருமல். எர்ணாகுளத்தில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "பேடிக்கண்டா, எல்லாம் நல்ல கறுப்பு" என்று தைரியம் சொன்னார். காற்று நிறைந்த நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாகத்தான் விழுமாம்; வெள்ளை படர்ந்தால்தான் நோயாம். "வெளுத்தாலல்லே தீனம்!"

தோப்பும்படி ஸ்டாப் வரும்வரை பஸ்ஸில் அழுதேன். அத்தாவுக்கு மூச்சுவிட மிச்சமிருந்த இடத்தைத்தான் வெட்டியிருக்கிறோம். மீதிப் படம் என்று பெட்டிக்குள் அம்மா பொத்திப் பொத்தி வைத்திருப்பது நோயை. அத்தாவைப் பார்த்த டாக்டர் மலையாளத்தில் சொன்ன வெளுப்பு அவளுக்குத் துணி வெளுப்பது போல, வானம் வெளுப்பது போல நல்ல வார்த்தையாகக் கேட்டிருக்கிறது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"எல்லாம் வெளுத்திருக்குன்னாரும்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, சோறு போட உள்ளே போனாள்.