அண்ணன் அளந்த மூன்று மில்லிமீற்றர்

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, அதே தோட்டத்து மண்ணில் அடங்கிய எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுகிறேன். அவரைப் புகழ எனக்கு முழுத் தகுதி இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தவள் நான்தான்.

அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது. படிப்பை விட்டுவிட்டு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யப் போனார். அங்கே தங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற பெட்டியில் விரல் நீளப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் இருந்தார்கள். கை கால்களை ஒட்டிச் சாயம் பூசவேண்டியவை. அன்று பிடித்த பைத்தியம் அது. பிறகு ஹட்டனில் பெயர்ப்பலகை எழுதும் வேலைக்கு வந்து, இரண்டு தங்கைகளைக் கரைசேர்த்தார். தாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்து வந்தால் நாலு மயிர்த் தூரிகையால் சிப்பாய்களுக்குக் கண் வைத்துக்கொண்டிருப்பார். "பொண்ணப் பாருடான்னா பொம்மைக்குக் கண்ணு பாக்குறான்" என்று அம்மா ஏசுவார்.

கடைசியாக அவர் மாதிரியாகச் செய்தது நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டை, எங்கள் லயத்தை. ஒரே கூரையின் கீழ் ஆறு காம்பரா வீடுகள், பின்னால் மழைநீர் ஓடும் கான், அதற்கு மேல் மண்மேடு, தேயிலை. எல்லாம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. தம்மைத் தவிர, என்னையும் என் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து லயத்தில் இருந்த இருபத்திரண்டு பேரையும் செய்தார். சிப்பாய்களின் துப்பாக்கியை அறுத்துவிட்டுக் கொழுந்துக்கூடை மாட்டினார். பக்கத்துக் காம்பராச் சித்தப்பா, தம்முடைய பொம்மை முன்பு கெப்டனாக இருந்தது என்று தெரிந்ததும் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

எதையும் இரண்டு முறை அளக்காமல் அண்ணன் ஒட்டமாட்டார். மண்மேட்டைச் செய்து ஐந்து மாதம் கழித்து, லயத்தைப் பலகையில் ஒட்டும் முன் வெளியே நிஜக் கானின் அகலத்தை மறுபடி அளந்தார். மாதிரிக் கணக்குக்கு மூன்று மில்லிமீற்றர் குறைந்தது. தம் கைப்பிழை என்று நினைத்துப் புது டேப் வாங்கி வந்து அளந்தார். அதே அளவுதான் வந்தது. மாதிரியில் மூன்று மில்லிமீற்றர் என்றால் வெளியே நாலு அங்குலம். மேடு லயத்தை நோக்கி நகர்ந்திருந்தது. அப்போது ஆறு நாளாக மழை விடவில்லை.

தோட்ட ஆபீசில் சொன்னார். மழை விட்டதும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். லயத்தில் சொன்னார். "பொம்ம வூட்டு அளவ வச்சி நெச வூட்ட விட்டுப் போகச் சொல்றியாப்பா?" என்று சித்தப்பா கேட்டார். நான் சிரித்தது அப்போதுதான். மறுநாள் கான் இன்னும் அரை அங்குலம் ஒடுங்கியிருந்தது.

அன்று பின்னேரம் மாதிரியைத் தூக்கிவந்து முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் வைத்து, எல்லோரையும் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு வாளி ஈரமண். மேட்டைப் பெயர்த்து லயத்தின் மேல் சரித்தார். அதன்மேல் மண்ணைக் கொட்டினார். இரண்டு வருட வேலை ஒரு நொடியில் நொறுங்கியது. முதலில் சித்தப்பா மறைந்தார், பிறகு என் பிள்ளைகள் இருவரும், பிறகு கூடையோடு நின்ற அம்மா.

அம்மா பதறி எழுந்தார். "உசிரோட இருக்கிறவள மண்ணுல பொதைக்கிறியேடா, பாவி!"

"இப்ப இது பொம்மதாம்மா. நாளைக்கி ஒங்கள நான் தோண்டித் தேடக்கூடாது. எந்திரிங்கம்மா."

நான் சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அம்மா ஏசிக்கொண்டே செருப்பை மாட்டினார். அபசகுனம் பிடித்தவன் என்று முணுமுணுத்தபடி சித்தப்பாவும் பின்னால் வந்தார். வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் மேலேயுள்ள தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டோம். மறுநாள் காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது கீழே மேடு சரியும் சத்தம் கேட்டது. ஆறு காம்பராவும் போய்விட்டன. அம்மா ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவேயில்லை.

ஏழு மாதம் கழித்து, நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட ஆசிரியருக்கும், அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடிய லொறிக்காரத் தம்பிக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. ஏசிக்கொண்டாவது எழுந்து வந்த லயத்து உறவுகளுக்குத்தான் பெரிய நன்றி. அண்ணன் மண் போட்டு மூடிக் காட்டிய இருபத்திரண்டு பேரும், அம்மா முதல் என் சின்னவள் வரை, அவர் குழிக்குப் பிடிமண் போட வரிசையில் நின்றோம். ஒருவர்கூடக் குறையவில்லை.