மொட்டை போட்ட கேப் ஃபுஷியா

முடிதிருத்துபவருக்குக் கை சும்மா இருக்காது. இடுப்பு அறுவை சிகிச்சைக்காக மனைவி மருத்துவமனையில் இருந்த மூன்று வாரமும், வாசலோரத்துக் கேப் ஃபுஷியாவைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பவழ நிறக் குழல்பூக்கள் கொத்தாய்த் தொங்கும் அந்தச் செடி அவளுக்கு உயிர். பனியில் கருகிக் குச்சிகளாய் நின்றது. கண்கொண்டு பார்க்க முடியாமல் நுனியைக் கொஞ்சம் திருத்தினார். இடப்பக்கம் குட்டையாகிவிட்டது, வலப்பக்கத்தையும் குறைத்தார். சமப்படுத்திச் சமப்படுத்திக் கடைசியில் நாலு விரல் உயரக் கட்டைதான் மிஞ்சியது.

பனி ஓய்ந்து அவள் வீடு திரும்பினாள். காரிலிருந்து இறங்கியதும் பார்வை நேரே அங்கேதான் போனது. அவர் பையைத் தூக்கும் சாக்கில் பின்தங்கினார்.

"என்னங்க, மொட்டையே போட்டுட்டீங்களா?"

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்னுதான்..."

"குரங்கு அப்பம் பங்கு வெச்ச மாதிரியா?"

"செத்துடுச்சுன்னா வேற செடி வாங்கித் தரேன்."

அவளால் குனிய முடியவில்லை. "நீங்க குனிஞ்சு அடியில கிடக்கிற சருகை விலக்குங்க."

மண்டியிட்டு விலக்கினார். கட்டையைச் சுற்றி மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை முளைகள் நின்றன.

"பனி முடிஞ்சதும் இப்படித்தான் அடியோட வெட்டணும். எனக்குத்தான் ஒரு வருஷமும் மனசு வரல."

"அப்போ நான் செஞ்சது சரிதானே?"

"தெரியாம செஞ்சதுக்குப் பெருமை வேறயா?"

அவர் எழுந்திருக்கவில்லை. "இங்க ரெண்டு இருக்கு, இந்தப் பக்கம் ஒரு குட்டி" என்று ஒவ்வொரு முளையாய்த் தொட்டுச் சொல்ல, அவர் தோளைப் பிடித்தபடி அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.