பையோடு மேடேறிய பெண்

சுனாமி வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். எங்கள் தீவில் கராச்சர்மா பக்கம் தகரக் கொட்டகைகளில் தங்க வைக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணிக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் படித்தது ஏழாவது வரைதான். பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிடும்போதெல்லாம், யாராவது வந்து சான்றிதழ் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து வாசலைப் பார்ப்பேன்.

தெருவெல்லாம் இந்தி பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும். எனக்கே ழ சரியாக வராது. அதனால் வாயை நம்பாமல் படத்தை நம்பினேன். அன்று அலை, அழை, அளை. கையசைத்துக் கூப்பிடும் ஒருத்தி, மண்ணை அளையும் ஒரு கை. முதல் சொல்லுக்கு மட்டும் தகரச் சுவர் முழுக்க சாக்பீஸால் பெரிதாக ஓர் அலை. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். பிழை விட்டுவிடக் கூடாதே என்று பாடப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டியவள், எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

சிலேட்டுகளைத் திருத்திவிட்டு எண்ணினால் பதினொரு பிள்ளைகள். பன்னிரண்டு இருக்க வேண்டும். கச்சால் தீவிலிருந்து வந்த ஏழு வயதுப் பெண்ணைக் காணவில்லை. அவள் அப்பாவை அங்கே கடல் கொண்டுபோயிருந்தது. அம்மா பஜாரில் கூட்டிப் பெருக்கும் வேலை முடித்து ஐந்தரை பஸ்ஸில்தான் வருவாள்.

கொட்டகைகளுக்குக் கீழே வயல்களில் கடல் தண்ணீர் ஏறி நின்றது. அதில் முதலை பார்த்ததாகவும் பேச்சு. முழங்கால் சேற்றில் இறங்கி அவள் பெயரைக் கூவினேன். மணி நாலரை. ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் ஊர்.

என் சத்தம் கேட்டு வந்த பக்கத்துக் கொட்டகை வங்காளிப் பெண், அந்தப் பிள்ளையின் வாசலைப் பார்த்துவிட்டு, "பேக் நஹி ஹை" என்றாள். பூமி ஆடினால் தூக்கிக்கொண்டு ஓட, ரேஷன் கார்டும் பிஸ்கட்டும் போட்ட பையை எல்லா வாசலிலும் ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். இங்கே ஆணி மட்டும் இருந்தது.

"ஊப்பர் தேக்கோ, தீதி" என்று, அலை வந்தால் எல்லோரும் ஓடி ஏறும் பின்பக்க மேட்டைக் காட்டினாள்.

ஓடினேன். உச்சியில், முந்திரி மரத்தடியில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"இவ்வளவு நேரமா மிஸ் வர்றதுக்கு? மத்தவங்கல்லாம் எங்க?"

"ஒண்ணும் வரல கண்ணு. அது சும்மா படம்."

"அப்பாவும் அப்படித்தான் சொன்னாங்க. கடல் சும்மா உள்ள போயிருக்கு, பயப்படாதன்னு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். பையைத் திறந்து, ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

கீழே இறங்கியபோது அவள் அம்மா பஸ்ஸிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஏழாவதுதான், படித்தவர்கள் யாரையாவது பாருங்கள், இனி வரமாட்டேன் என்றும் சொன்னேன். மகளின் காலில் குத்தியிருந்த முள்ளை எடுத்தபடியே அவள் பேசினாள்.

"யாரு வந்து சொல்லிக் குடுத்தாலும் அந்த வார்த்தை இருக்கத்தானேக்கா செய்யும். அவ எழுதட்டும். தனியா எழுத விடாதீங்க, அவ்வளவுதான்."

மறுநாள் என் மேல் சாய்ந்துகொண்டு 'அலை' என்று ஒரே ஒரு தடவை எழுதினாள். வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் பிள்ளைகள் முன் ஒரு சொல்லை எழுதிப் போடுமுன் எனக்குப் பயம் வந்து, எதிரே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன். என் பயங்களில் இது ஒன்று மட்டும் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.